முன்வளையத்துப் பொட்டு

“அந்த ட்யூப்லைட்டை அணைங்க ராவுத்தரே. குண்டு பல்பு ஒண்ணு மட்டும் எரியட்டும்.”

“இருட்டுல உக்காந்து ஏவாரம் பண்ணச் சொல்றீங்களா சார்? வர்ற ரெண்டு பேரும் கடை சாத்திக் கெடக்குன்னு போயிருவாங்க.”

சொல்லிக்கொண்டே அணைத்தார். பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் தாவூது ராவுத்தரின் கடை இருக்கிறது. பழைய கைக்கடிகாரம், பைனாகுலர், தையல் மெஷின் மோட்டார், எப்போதாவது ஒரு கேமரா. அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் அறிவார்கள். புதிதாக வருகிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

கையில் இருந்தது ஒரு பித்தளை லென்ஸ். சின்ன டம்ளர் அளவு, ஆனால் நல்ல கனம். குண்டு பல்பின் வெளிச்சம் அதில் விழும்படி சாய்த்துப் பிடித்து, கண்ணாடிக்குள் தெரியும் பல்புகளை எண்ணினேன். பிரகாசமாக இரண்டு. மங்கலாக ஒன்று.

திருப்பிப் பிடித்தேன். பின்பக்கத்தில் பிரகாசமாக நான்கு.

மறுபடி எண்ணினேன். அதே கணக்கு.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாங்கிக் கொடுத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. பெயர் சொர்ணம். லென்ஸ் அவருடையது. நான் வந்து உட்கார்ந்ததுமே அவர் சொன்ன வார்த்தை இதுதான்: “நல்லதுன்னா நல்லதுன்னு சொல்லுங்க சார். கெட்டதுன்னா மூடி மறைக்க வேணாம். இன்னைக்கே கெணத்துல போட்டுர்றேன்.”

பல்பை ஏன் எண்ண வேண்டும்?

என்னுடையது தேக்குமரக் கேமரா. துருத்தி வைத்தது, முக்காலி இல்லாமல் நிற்காது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். போன வாரம் அதைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர், ‘போனில் எடுத்தால் ஆகாதா?’ என்று கேட்டிருக்கிறார். ஆகும்.

இந்தக் கேமராவுக்கு இன்று புது லென்ஸ் வாங்க எனக்கு வசதி இல்லை. பழையதைத்தான் தேட வேண்டும். பழைய லென்ஸின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பக் கூடாது. குழாய் ஒன்று, கண்ணாடி வேறொன்று என்று மாற்றி மாட்டியவர்கள் உண்டு. ஆனால் கண்ணாடி பொய் சொல்லாது. ஒவ்வொரு கண்ணாடியின் இரண்டு பக்கங்களும் பல்பை ஒவ்வொரு தடவை பிரதிபலிக்கும். இரண்டு கண்ணாடிகள் தனித்தனியாக நின்றால் நான்கு பல்பு தெரியும். அதே இரண்டையும் ஒட்டி வைத்திருந்தால் வெளிப்பக்கங்கள் இரண்டும் பிரகாசமாகவும், ஒட்டிய இடம் மட்டும் மங்கலாகவும் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நடுவில் உள்ள தகடுகளை மூடிக்கொண்டு எண்ணினால் ஒரு பக்கத்தின் கணக்கு மறுபக்கத்தோடு கலக்காது.

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் உண்டு. கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பஸ்ஸில் வளைவுகளை எண்ணுவேன். ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும், அல்லது குறையும். லென்ஸில் அப்படி இல்லை. எண்ணினால் எப்போதும் அதே எண்தான் வரும். எனக்கு அது பெரிய நிம்மதி.

ஏமாந்த கதைகள்

என் சொந்த லென்ஸ் எப்படிக் கெட்டது என்று முன்பே எழுதிவிட்டேன். பனிமூட்டத்தின் ஈரத்துக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடிகளின் ஒட்டு விட்டு, ஓரத்தில் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் போல வானவில் வந்துவிட்டது. அதற்கப்புறம் கேமரா அலமாரியில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

முதலில் ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் ஒன்று வாங்கினேன். கீறல் கிடையாது, தகடுகள் எண்ணெய் விட்டதுபோல் மூடித் திறந்தன. வீட்டுக்கு வந்து மாட்டினால் நடுவில் மட்டும் வட்டமாகப் படம், நான்கு மூலையும் கறுப்பு. சின்ன பிலிமுக்குச் செய்த லென்ஸ். கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என் பிலிமின் மூலை வரை வெளிச்சம் போடுமா என்று பார்க்கவில்லை.

அடுத்தது போனில் படம் பார்த்து வாங்கியது. ‘புத்தம் புதுசு போல’ என்று விற்றவன் எழுதியிருந்தான். டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை. பூஞ்சை. எங்கள் மலையில் ரொட்டியில் வருவது கண்ணாடியிலும் வரும். அதை வீட்டுக்குள்ளேயே விடாமல் வாசலிலேயே பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினேன்.

என் மனைவி கமலா அன்றைக்குக் கேட்டாள்: “கல்யாணத்துக்கு முன்னாடி என்னை ஒரே ஒரு தடவைதான் வந்து பாத்தீங்க. ஒரு கண்ணாடியை எத்தனை தடவை பாப்பீங்க?”

“அந்த அனுபவத்துலதான்” என்றேன். அன்று மாலை காப்பி கொஞ்சம் தாமதமாக வந்தது.

மூன்று பேர் திருப்பிய லென்ஸ்

ராவுத்தர் போன் செய்தது மழை விட்டிருந்த ஒரு காலையில். “சார், ஒரு லென்ஸ் கெடக்கு. முன்னாடியே சொல்லிர்றேன், மூணு பேரு வாங்கிட்டுப் போயி மூணு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. நாலாவது ஆளு நீங்க.”

“அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிடுறீங்க?”

“நீங்கதான் சந்தேகப் பிராணியாச்சே. உங்க அளவுக்கு நோண்டிப் பாக்குற ஆளு இந்த ஜில்லாவுலயே இல்ல. பெரிய சோலி ஒண்ணும் இல்லேல்ல? வெள்ளனே பஸ் ஏறி வாங்க.”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்ததில், வளைவுகளின் எண்ணிக்கை அன்றைக்கும் தவறிப்போயிற்று.

கடையில் விவரம் சொன்னார். சொர்ணம் அம்மாளின் கணவர் ரெங்கசாமி அடிவாரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். முடி காணிக்கை கொடுத்துவிட்டு மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வரும் குடும்பங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுப்பார். சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் அவர் எடுத்த படம் இன்னும் மாட்டியிருக்கிறது. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கேமராவைக் கறையான் தின்றுவிட்டது. லென்ஸ் மட்டும் மிஞ்சியது.

“விக்கிறது பெரிசு இல்ல சார்” என்றார் ராவுத்தர், குரலைத் தாழ்த்தாமலே. “மூணாவதா வாங்கிட்டுப் போன ஆளு திருப்பிக் குடுக்கையில, டீக்கடையில வச்சு ஒரு வார்த்தை விட்டுட்டான். ‘இந்தக் கண்ணாடியை வச்சா அந்த ஆளு காலமெல்லாம் படம் எடுத்தாரு? காசு வாங்கிட்டு ஊரையே ஏமாத்தியிருக்காரு’ன்னு. அது தங்கச்சி காதுக்குப் போயிருச்சு.”

ராவுத்தருக்குச் சொர்ணம் அம்மாள் உடன்பிறவாத் தங்கை. அந்தச் சந்தில் எல்லோருக்கும் அப்படித்தான்.

சொர்ணம் அம்மாள் மடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

சந்தனத்தில் விரல் தடம்

ஒரு குடும்பம். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு தலை. ஒன்பது மொட்டை. என் உருப்பெருக்கியை எடுத்து மூலையிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் நின்ற சிறுமியின் மொட்டைத் தலையில் சந்தனத்தை யாரோ மூன்று விரலால் இழுத்துப் பூசியிருந்தார்கள். மூன்று விரலின் கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. இன்னொரு மூலையில் ஒரு பையனின் சட்டைப் பித்தானில் நான்கு துளை.

“இது இந்த லென்ஸில் எடுத்ததா?”

“இது ஒண்ணுதான் சார் அவருகிட்ட இருந்துச்சு. வேற வாங்க ஏது வசதி?”

படம் கத்தி போலக் கூர்மையாக இருந்தது. லென்ஸோ மூன்று பேர் திருப்பியது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. அல்லது, இந்தப் படத்துக்கும் இன்றைக்கும் நடுவில் லென்ஸுக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும்.

கேமராவைக் கையோடு கொண்டு போயிருந்தேன். யார் சொல்வதையும் நம்பி வாங்குகிறவன் அல்ல நான். அட்டையில் துளை வெட்டி, கறுப்பு டேப் சுற்றி லென்ஸைப் பொருத்தி, கடை வாசலில் முக்காலியை விரித்தேன். எதிர்க் கடையில் அடுக்கியிருந்த பஞ்சாமிர்த டப்பாக்கள்தான் என் இலக்கு. எழுத்து இருக்கிற பொருளாக இருந்தால் தெளிவு சட்டென்று தெரிந்துவிடும்.

துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நடுவில் இருந்த டப்பாவின் எழுத்தைச் சுற்றி, ஈரக் கண்ணோடு பார்ப்பதுபோல ஒரு பளபளப்பு. ஓரத்து டப்பாக்கள் எண்ணெயில் கரைந்த மாதிரி இழுபட்டுக் கிடந்தன. எத்தனை முறை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் தெளிவு கூடவில்லை. டீக்கடையில் பேசியவன் சொன்னதில் பாதி சரி.

துணிக்கு வெளியே ஒரு குரல். “அண்ணே, மொட்டை போட்டுட்டு வந்துருக்கோம். ஒரு படம் எவ்வளவு?”

“இது படம் எடுக்கிற இடம் இல்லைங்க.”

“அப்ப எதுக்குண்ணே துணிக்குள்ள ஒளிஞ்சிருக்கீங்க?”

ராவுத்தர் சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. “ஏலே, அவரு கடன்காரனுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காரு. வெரசா போங்க, மலையில கூட்டம் கூடிரும்.”

அந்த அம்மாளும் லேசாகச் சிரித்ததாக ஞாபகம். உடனே அடக்கிக்கொண்டார்.

வெள்ளைத் தூசி

உள்ளே வந்து லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னது.

முன்னால் இரண்டும் ஒரு மங்கலும். பின்னால் நான்கு.

நான்கு கண்ணாடி வைத்த ஒரு வகை லென்ஸ் உண்டு. மிகவும் பழகிய வகை. அதில் தனித்தனியாக நிற்கும் இரண்டும் முன்னால் இருக்கும், ஒட்டியவை பின்னால். இங்கே கணக்கு சரி, இடம் தலைகீழ்.

கண்ணாடிகள் பதித்த முன்வளையத்தைத் திருகிக் கழற்றினேன். பிறகு பின்வளையத்தை. நடுக் குழாயில்தான் பெயரும் எண்ணும் பொறித்திருந்தன. வளையங்கள் இரண்டிலும் எழுத்து இல்லை. மரை இரண்டுக்கும் ஒரே அளவு. மாற்றி மாட்டினாலும் மறுப்புச் சொல்லாமல் ஏறும்.

உள்ளே கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாகத் தூசி. இதைத்தான் முதலில் வாங்கியவன் பூஞ்சை என்று சொல்லித் திருப்பியிருக்கிறான். பூஞ்சை என்றால் வேர் விட்டுக் கிளைக்கும். இது தூளாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பழனி விபூதி. அந்த வாசனை வேறெதற்கும் வராது.

இரண்டு வளையங்களையும் பல்புக்கு அருகே கொண்டுபோனேன். திருகுவதற்குப் பிடிப்பாக விளிம்பைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருந்தது. முன்னால் இருந்த வளையத்தில் ஒரு குங்குமப் பொட்டு, பளிச்சென்று, புதிது. பின்னால் ஒளிந்திருந்த வளையத்தில் பொட்டு இல்லை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பள்ளங்களுக்குள் கறுஞ்சிவப்பாக ஏதோ இறுகிப்போய் இருந்தது. குச்சியால் கிளறினேன். பழைய குங்குமம். வருடா வருடம் அதே இடத்தில் வைத்த பொட்டின் அடி வண்டல்.

“அம்மா, இதை யார் துடைப்பாங்க?”

“அவரு இருக்கையில அவரு. அப்பறம் நான்தான் சார். ஆயுத பூசைக்கு.”

“கழற்றியா துடைப்பார்?”

“ஆமா. ரெண்டு பக்கமும் கழட்டி, விபூதி போட்டுத் தேச்சு, வெத்தலை மேல வச்சுருவாரு. மறுநாள் விசயதசமிக்குத்தான் மாட்டுவாரு. பூசை அன்னைக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதில்ல? ஆனா மலைக்கு வர்றவங்க விட மாட்டாங்க, ‘ஒரே ஒரு படம்ணே’ன்னு கெஞ்சுவாங்க. கழட்டிப் போட்டாத்தான் நமக்கு ‘முடியாது’ன்னு சொல்ல வாய் வரும்னு சொல்லுவாரு. மாட்டிட்டு முன்னாடி பொட்டு வைப்பாரு.”

எனக்கு விளங்கிவிட்டது. வளையங்கள் இரண்டும் ஒரு ராத்திரி முழுக்க வெற்றிலை மேல் இருந்திருக்கின்றன. பழைய பொட்டு விபூதித் தேய்ப்பில் போய்விட்டது. மறுநாள் காலையில் எது முன், எது பின் என்று ரெங்கசாமிக்குத் தெரியும். இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? எது முன்னால் ஏறியதோ அதற்குப் பொட்டு வைத்துவிட்டார். அடுத்த வருடங்களில் ஒன்று சரியாக விழுந்திருக்கலாம், ஒன்று தவறியிருக்கலாம். விற்கக் கொண்டுவந்த வருடம் தவறிய வருடம்.

விளங்கிய பிறகுதான் கவலை பிடித்தது. இதை எப்படிச் சொல்வது? கணவர் பெயர் கெட்டது என்று கிணற்றில் போடத் துணிந்திருக்கும் லென்ஸ் இது. அதைக் கெடுத்தது உங்கள் கைதான் அம்மா என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லவா? வாக்கியத்தை மனத்துக்குள் நாலைந்து விதமாகக் கட்டிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. வளையங்களை இடம் மாற்றி, நான்கு பல்பு காட்டுவது முன்னால் வரும்படி மாட்டி, கேமராவில் பொருத்தினேன்.

துணிக்குள் போனேன். பஞ்சாமிர்த டப்பாவில் எடை, விலை எல்லாம் படிக்க முடிந்தது. ஓரத்து டப்பாவிலும் படிக்க முடிந்தது. என்னை மீறி “ஆகா” என்று சொல்லியிருக்கிறேன். ராவுத்தர்தான் பிறகு சொன்னார்.

துணிக்குள் சொர்ணம் அம்மாள்

“வந்து பாருங்கம்மா.”

அவர் தயங்கினார். “நான் இதுக்குள்ள பாத்ததே இல்ல சார். அவரு யாரையும் விட மாட்டாரு.”

முந்தானையைச் செருகிக்கொண்டு துணிக்குள் தலையை விட்டார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. “எல்லாம் தலைகீழா நிக்குது.”

“அப்படித்தாம்மா தெரியும்.”

“கடைக்காரரு தலைகீழா நின்னுகிட்டுக் காசு எண்றாரு. மோதிரம் கூடத் தெரியுது.” கொஞ்சம் கழித்து, “அவரு இத்தனை காலமும் இப்படியா பாத்துக்கிட்டு இருந்தாரு?”

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டார். “இப்ப என்ன சார் செஞ்சீங்க?”

“ரெண்டு பக்கமும் இடம் மாறியிருந்தது. சரியாக மாட்டினேன்.”

“யாரு மாத்துனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் ராவுத்தர் முந்திக்கொண்டார். “வாங்கிட்டுப் போனானுகளே, அதுல எவனாச்சும் நோண்டியிருப்பான் தங்கச்சி. விடு.”

அவர் விடவில்லை. என் கையிலிருந்த லென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுப் பொட்டு இப்போது பின்னால் போயிருந்தது. அதன் மேல் விரலை வைத்தார்.

“இது நான் வச்ச பொட்டு. அப்ப மாத்துனது நான்தான்.”

நான் தரையைப் பார்த்தேன்.

“அப்ப அவரு எடுத்ததுல கொறை ஒண்ணும் இல்லையே?”

“ஒரு குறையும் இல்லைம்மா. அந்தப் படமே சாட்சி.”

“அம்புட்டுத்தான் சார் எனக்கு வேணும்.” ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். “தப்பு எம்மேலன்னா போகுது. நான் என்ன ஸ்டூடியோவா வச்சிருந்தேன்? அண்ணே, டீக்கடையில பேசுனவன் காதுல இதை நீங்களே போட்டுருங்க. நான் பொட்டு மாத்தி வச்சேன்னு சொல்லுங்க, பரவாயில்ல.”

“அவன் காதுல மட்டுமா? அந்தத் தெருவுக்கே டீ வாங்கிக் குடுத்துச் சொல்றேன்” என்றார் ராவுத்தர்.

எப்படிச் சொல்வது என்று நான் கட்டிக்கொண்டிருந்த கவலை அத்தனையும் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத கவலையை நான்தான் எப்போதும் தூக்கிச் சுமக்கிறேன் என்று கமலா சொல்வது உண்டு.

இனி இது நல்ல லென்ஸ், மதுரைக்கோ சென்னைக்கோ கொடுத்தால் கூடுதலாகப் போகும் என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது. அவர் யோசிக்கவே இல்லை. “கண்டுபிடிச்சவங்க எடுத்துட்டுப் போங்க” என்றார். விலையை ராவுத்தர் பேசி முடித்தார். அவர் பேசினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் முணுமுணுப்போடு போகும், அதுதான் நியாய விலை.

கொடுப்பதற்கு முன்னால், பையிலிருந்த குங்குமத்தை எடுத்தார். “எது முன்னாடி, காட்டுங்க.” காட்டினேன். பழைய வண்டல் இறுகியிருந்த அதே இடத்தில் பொட்டு வைத்தார். லென்ஸுக்குப் பக்கத்தில் யார் விரலையும் விடாதவன் நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருடம்

அந்த லென்ஸில் இதுவரை எடுத்தவை எல்லாம் மூட்டமும் மரமும்தான். பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களை எடுத்தேன். இலை இலையாக எண்ணலாம். எண்ண ஆரம்பித்து, கமலா சாப்பிடக் கூப்பிட்டதால் விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போன் வந்தது. நம்பர் தெரியாதது.

“சார், சொர்ணம் பேசுறேன். நாளைக்குப் பூசை பண்ணுவீங்கதானே?”

“பண்ணுவோம்மா.”

“பொட்டு மட்டும் வைங்க. கழட்டிராதீங்க.”

சரி என்றேன். மறுநாள் கேமராவைத் துடைத்து, பூஜை அறையில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். கமலா குங்குமச் சிமிழோடு வந்து குனிந்தாள்.

“முன்பக்கம் எது?”

“இதுதான்.”

“நிச்சயமாவா?”

அவள் கேட்டதும் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. குத்துவிளக்கில் ஒரு திரியை மட்டும் விட்டு மற்றவற்றை அமர்த்தச் சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடிக்குள் சுடரைப் பார்த்து எண்ணினேன்.

நான்கு.

“வை” என்றேன்.